குளிரும் கராஜில் மரப்படகு கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் ரொறொன்ரோ நகரில், ஸ்காபரோவில் உள்ள எங்கள் வீட்டுக் கராஜில், இரண்டு பனிக்காலங்களைச் செலவிட்டு, 12 அடி நீளமுள்ள துடுப்புப் படகு ஒன்றைக் கட்டி முடித்தேன். கராஜ் வீட்டோடு ஒட்டியிருந்தாலும் அதற்குச் சூடாக்கும் வசதி இல்லை. ஜனவரி இரவுகளில் உள்ளே வைத்த வாளித் தண்ணீர் உறைந்துவிடும். படகைப் பார்க்க வந்தவர்களும், கேள்விப்பட்டுத் தாமும் ஒன்று கட்ட நினைத்தவர்களும் கேட்டவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"கராஜில் ஹீற்றர் கிடையாது. பனிக்காலத்தில் படகு கட்டுவது நடக்கிற காரியமா?"

நடக்கும். ஆனால் வேலைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பலகையில் அளவு குறிப்பது, அறுப்பது, இழைப்பது, துளையிடுவது, பலகைகளைக் கம்பியால் தைத்து உருவத்துக்குக் கொண்டுவருவது ஆகியவற்றுக்குச் சூடு தேவையில்லை. தடித்த மேலங்கியும் விரல் அசையக்கூடிய கையுறையும் இருந்தால் போதும். ஒட்டுவதற்கும், பூசுவதற்கும், வர்ணம் தீட்டுவதற்கும் மட்டுமே சூடு வேண்டும். அந்த நாட்கள் மொத்த வேலையில் ஒரு பகுதிதான்.

ஆகவே நாட்காட்டியை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒக்டோபரில் மரம் வாங்கி, நவம்பரில் பெரிய ஒட்டுவேலைகளை முடித்து, டிசம்பரிலும் ஜனவரியிலும் இழைப்புளியோடு இருந்து, மார்ச் இறுதியில் மறுபடி பசையைக் கையில் எடுப்பது எனக்கு ஒத்துவந்த ஒழுங்கு. இடையில் தவிர்க்க முடியாமல் ஒட்ட வேண்டி வந்தால், படகின் அந்தப் பகுதியை மட்டும் சூடாக்கிக்கொள்ளலாம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

"முதல் முறை கட்டுகிறேன் அண்ணா. எந்த மாதிரிப் படகு எடுத்தால் கைக்கு அடங்கும்?"

தைத்து ஒட்டும் முறையில் செய்யப்படும் பிளைவூட் படகைத்தான் சொல்வேன். வரைபடத்தின்படி பலகைகளை வெட்டி, ஓரங்களில் 10 முதல் 15 சென்ரிமீற்றருக்கு ஒரு துளை போட்டு, செப்புக் கம்பியாலோ பிளாஸ்ரிக் கட்டுகளாலோ இறுக்கிக் கட்டினால், தட்டையாகக் கிடந்த பலகைகள் ஒரே மாலையில் எழுந்து படகாக நிற்கும். பிறகு உள்மூலைகளில் எபொக்சி என்ற பசையை (ரெசின், அதை இறுகவைக்கும் ஹார்ட்னர் என்ற இரு திரவங்களைக் கலந்து செய்வது) மரத்தூளோடு குழைத்துக் குழிவாக நிரப்பி, மேலே கண்ணாடி இழையால் நெய்த ஃபைபர்கிளாஸ் பட்டி ஒட்டி, கம்பிகளை எடுத்துவிட வேண்டும். 1962இல் இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ற், பாரி பக்னெல் ஆகிய இருவரும் வடிவமைத்த மிரர் என்ற சிறு பாய்ப்படகுதான் இந்த முறையை வீடுகளுக்குள் கொண்டுவந்தது. சமையலறைகளிலும் கொட்டில்களிலும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கட்டினார்கள்.

ஒன்ராறியோவின் பீற்றர்பரோ பக்கத்தில் பெயர்பெற்ற மெல்லிய சீடர்ப் பட்டிகளால் ஆன கனூ பார்ப்பதற்கு மிக அழகானது. ஆனால் பட்டிக்குப் பட்டி ஒட்ட வேண்டும் என்பதால் பல வாரங்களுக்கு விடாமல் சூடு தேவைப்படும். குளிர்ந்த கராஜ் மட்டுமே உள்ளவர் அதை இரண்டாவது படகாக வைத்துக்கொள்வது நல்லது.

"எங்கள் ஊரில் எபொக்சி இல்லாமல்தானே கப்பலே கட்டினார்கள்? நமக்கு மட்டும் ஏன் இந்த இரசாயனம்?"

கட்டினார்கள், அதுவும் சாதாரணமாக அல்ல. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் நம்மவர்களையே மாலுமிகளாகக் கொண்டு கடல்களைத் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. சென்னைக் கரையில் துறைமுகம் வருவதற்கு முன், அலை உடையும் இடத்தைக் கடந்து ஆட்களையும் பொதிகளையும் கரைசேர்த்த மசூலாப் படகுகளில் ஆணியே கிடையாது. பலகையும் பலகையும் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. நாம் கம்பியால் தைக்கும்போது அந்தக் கைவேலையின் தூரத்து உறவுமுறையைத்தான் செய்கிறோம் என்று எனக்குத் தோன்றும். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே தையலே படகைத் தாங்கிற்று, இங்கே பசை இறுகும்வரை மட்டும் தையல் தாங்குகிறது.

பலகை வைத்துக் கட்டி, இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பற்றுச் செய்த படகு, தண்ணீரிலேயே கிடக்கும்போதுதான் நன்றாக இருக்கும். மரம் நீரில் ஊறி உப்பி, இடுக்குகளைத் தானே இறுக்கிக்கொள்ளும். ஒன்ராறியோவில் நம் படகு வருடத்தில் ஏழெட்டு மாதம் கரையில், வரண்ட காற்றில் கிடக்கும். பலகைகள் சுருங்கி இடுக்குகள் திறந்துகொள்ளும். வசந்தத்தில் இறக்கினால் ஒழுகும். எபொக்சி பூசிய பிளைவூட் அவ்வளவாக உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. நான் அதைத் தேர்ந்ததற்கு இதுதான் காரணம். பழைய முறை குறைந்தது என்பதால் அல்ல.

"கடையில் கிடக்கும் சாதாரண பிளைவூட் பாதி விலைதானே, அது போதாதா?"

அறைகளுக்குள் பயன்படுத்தும் பிளைவூட் போதாது. அதன் உள் அடுக்குகளில் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடங்கள் இருக்கும். வளைக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். தண்ணீர் புகுந்தால் அங்கேதான் உளுக்கும். கப்பல் வேலைக்கான பிளைவூட்டில் பி.எஸ். 1088 என்ற பிரித்தானியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒக்கூமே என்ற ஆபிரிக்க மரத்தால் செய்த 6 மில்லிமீற்றர்ப் பலகை இலகுவானது, சொன்னபடி வளையும். வெளிப்புற வேலைக்கான பிளைவூட்டைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அப்படியானால் ஒரு துண்டை வெட்டி, கொதிநீரில் அவித்து, அடுக்குகள் பிரிகின்றனவா என்று பார்த்த பிறகே படகில் வையுங்கள்.

பலகை 8 அடி நீளம்தான் வரும்; 12 அடிப் படகுக்கு இரண்டைச் சேர்க்க வேண்டும். இரு ஓரங்களையும் கனத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒட்டுவது வழக்கம். 6 மில்லிமீற்றர்ப் பலகைக்கு 48 மில்லிமீற்றர்ச் சரிவு. இதுதான் முதல் ஒட்டுவேலை என்பதால், குளிர் வருவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

"எபொக்சி இறுக எத்தனை பாகை சூடு வேண்டும்?"

டின்னில் எழுதியிருப்பதுதான் பதில், ஏனெனில் அது ஹார்ட்னரைப் பொறுத்தது. வேகமான ஹார்ட்னர்களில் சில 4 அல்லது 5 பாகை செல்சியஸ் வரைக்கும் வேலை செய்யும். மெதுவானவை சுமார் 16 பாகைக்குக் கீழே போனால் ஒழுங்காக இறுகா. பொதுவாக, 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். 21 பாகையில் எட்டு மணி நேரத்தில் இறுகுவது 11 பாகையில் பதினாறு மணி நேரம் எடுக்கும்.

இங்கே எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. கணக்கில் எடுக்க வேண்டியது காற்றின் சூட்டை அல்ல, மரத்தின் சூட்டை. ஹீற்றரைப் போட்டு ஒரு மணி நேரத்தில் சுவரில் தொங்கும் வெப்பமானி 18 பாகை காட்டும். அதே நேரத்தில் கொங்கிரீற் தரைக்கு ஒரு முழ உயரத்தில் இருக்கும் படகின் அடிப்பலகை 6 பாகையில்தான் நிற்கும். தூரத்திலிருந்து நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கி, ஒட்டப்போகும் இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். என் கராஜுக்கு வாங்கிய கருவிகளில் அதிகம் பயன்பட்டது அதுதான்.

"ஹார்ட்னரைக் கொஞ்சம் கூட விட்டால் குளிரிலும் சீக்கிரம் இறுகும்தானே?"

இறுகாது; கெடும். ஃபைபர்கிளாஸ் வேலையில் பயன்படும் பொலியெஸ்ரர் ரெசினில் ஊக்கியைக் கூட்டிக் குறைத்து வேகத்தை மாற்றுவார்கள். அந்தப் பழக்கத்திலிருந்து வந்த எண்ணம் இது. எபொக்சியில் ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடு ஒன்று பிணைந்தே திடமாகின்றன. கூடுதலாக விட்ட ஹார்ட்னர் பிணைய ஆள் இல்லாமல் உள்ளேயே தங்கி, பசையை என்றைக்கும் மென்மையாக வைத்திருக்கும். வேகம் வேண்டுமானால் வேகமான ஹார்ட்னரை வாங்குங்கள், விகிதத்தைத் தொடாதீர்கள்.

குளிரில் விகிதம் நம்மை அறியாமலே தவறுவதும் உண்டு. குளிர்ந்த ரெசின் பாகு போலத் தடிப்பதால், அளவுப் பம்பு முழுதாக நிரம்பாமல் குறைவாகத் தள்ளும். நான் தராசுக்கு மாறினேன். தராசுக்கு மாறுபவர் மறக்கக் கூடாதது, கன அளவு விகிதமும் நிறை விகிதமும் ஒன்றல்ல என்பது. இரண்டையும் தயாரிப்பாளர் தனித்தனியே கொடுத்திருப்பார்.

"ரெசின் போத்தலுக்குள் சீனி போல உறைந்துவிட்டது. எறிந்துவிடலாமா?"

எறிய வேண்டாம். தை மாதத்தில் நம் சமையலறையிலேயே தேங்காயெண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்பதையும், போத்தலை வெந்நீரில் வைத்ததும் தெளிந்துவிடுவதையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரெசினும் ஏறக்குறைய அப்படித்தான். மூடியை இறுக்கி, சுமார் 50 பாகை வெந்நீரில் போத்தலை நிறுத்தி, மணிகள் முழுதும் கரையும்வரை இடையிடையே குலுக்குங்கள். அடியில் சிறிது மணி மிஞ்சினாலும் அதையே வித்தாகக் கொண்டு மறுபடி உறையும். அதன்பின் போத்தலை வீட்டுக்குள், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பசை கலக்கும் அன்று மட்டும் கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

"முழுக் கராஜையும் சூடாக்கினால் கரண்ட் பில் கட்டுப்படியாகாதே?"

கராஜைச் சூடாக்க வேண்டாம், படகைச் சூடாக்குங்கள். படகுக்கு மேலே மெல்லிய மரச்சட்டங்களால் கூரை போல ஒரு கூடு கட்டி, தடித்த பொலித்தீனால் மூடி, தரையில் இரண்டு அங்குல நுரைப்பலகை விரித்து, உள்ளே எண்ணெய் நிரப்பிய மின்சார ரேடியேற்றர் ஒன்றை வையுங்கள். வெளியே பூச்சியத்துக்குக் கீழே 8 பாகை இருந்த இரவில், 1500 வாற்று ரேடியேற்றர் ஒன்று என் கூட்டை 19 பாகையில் வைத்திருந்தது. பொலித்தீன் ரேடியேற்றரில் படாதபடி சட்டத்தோடு இறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். ஒட்டுவதற்கு முந்திய மாலையே சூடாக்கத் தொடங்குங்கள். மரத்துக்கும் தரைக்கும் சூடு ஏற ஓர் இரவு வேண்டும்.

மின்சாரத்தில் கவனம் தேவை. 120 வோல்ற்றில் 1500 வாற்று ரேடியேற்றர் பன்னிரண்டரை அம்பியர் இழுக்கும். கராஜில் வழமையாக இருக்கும் 15 அம்பியர் இணைப்பில் அதற்குமேல் வேறெதையும் செருகக் கூடாது. மெல்லிய நீட்சி வயரில் மாட்டவே கூடாது. அந்த வயர் சூடேறித் தீப்பிடித்த வீடுகள் உண்டு.

"வேலைத்தளங்களில் வைத்திருக்கும் புரொப்பேன் ஹீற்றர் ஐந்து நிமிடத்தில் சூடாக்குமே, அதை ஏன் சொல்லவில்லை?"

வேண்டாம் என்பதால்தான் சொல்லவில்லை. முதல் காரணம் உயிர். புகைபோக்கி இல்லாமல் எரியும் புரொப்பேனும் மண்ணெண்ணெயும் காபன் மொனொக்சைட்டை விடக்கூடும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கதவுதான். ஒன்ராறியோவில் கராஜ் ஒட்டிய வீடுகளுக்கு இந்த வாயுவைக் காட்டும் எச்சரிக்கைக் கருவி சட்டப்படி கட்டாயம் என்பதே ஆபத்தின் அளவைச் சொல்லும். பசையைத் துடைக்க வைத்திருக்கும் அசற்றோன் என்ற கரைப்பானின் ஆவி எரியும் சுடருக்கு முன்னால் என்ன செய்யும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது காரணம் பசை. ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி வெளிவரும். அந்த ஆவி குளிர்ந்த மரத்தில் பட்டுக் கண்ணுக்குத் தெரியாத பனியாகப் படியும். கூடவே வரும் காபனீரொட்சைட்டும் ஹார்ட்னரோடு வினைபுரியும். அடுத்த கேள்வியில் சொல்லப்படும் மெழுகுப் படலம் மோசமாகப் படிவது இத்தகைய கராஜ்களில்தான்.

"எபொக்சி நன்றாக இறுகிவிட்டது, ஆனால் தொட்டால் மெழுகு பூசியது போல வழுக்குகிறது. ஏன்?"

குளிரும் ஈரமும் சேரும்போது ஹார்ட்னரில் உள்ள அமீன் என்ற பொருள் காற்றின் ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்ந்து மேலே ஒரு படலமாக வரும். படகுக்கு அதனால் கேடில்லை, ஆனால் அதற்கு மேல் பூசும் எதுவும் பிடிக்காது. வர்ணம் ஒரு கோடைக்குள் உரியும்.

அது தண்ணீரில் கரையும். இளஞ்சூட்டு நீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பானும் கொண்டு கழுவி, காய்வதற்குள் கடதாசித் துவாயால் துடைத்தெடுங்கள். அதன்பிறகே உப்புத்தாள் போடுங்கள். நான் முதல் தடவை கழுவாமலே தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் தாள் அடைத்துக்கொண்டது, படலம் முழுதும் கீறல்களுக்குள் இறங்கிவிட்டது, அணியத்தின் (படகின் முன்பகுதியின்) ஒரு பக்கம் முழுவதையும் மறுபடி சுரண்ட நேர்ந்தது.

"ஒரு இரவு போய்விட்டது, இன்னும் பிசுபிசுக்கிறது. சுரண்டி எடுத்துவிடவா?"

அவசரப்பட வேண்டாம், முதலில் கை வைத்துப் பாருங்கள். பூசிய இடமெங்கும் ஒரே மாதிரியாக, பெருவிரல் நகத்தை அழுத்தினால் பிறை போலத் தடம் விழும் அளவுக்கு மென்மையாக இருந்தால், அது குளிரின் வேலை. கூட்டை மூடி 20 பாகைக்கு மேல் ஒரு நாள் வைத்தால் பெரும்பாலும் இறுகிவிடும். நகத் தடம் விழும் அந்தப் பதம் நல்ல பதமும்கூட: அப்போதே அடுத்த பூச்சைப் பூசினால் இரண்டும் ஒன்றாகப் பிணையும், தேய்க்கவும் தேவையில்லை. முழுதும் இறுகிய பின்னானால் கழுவி, 80 இலக்க உப்புத்தாளால் தேய்த்த பிறகே பூச முடியும்.

ஒரு இடம் கல்லாகவும் பக்கத்து இடம் ஈரமாகவும் இருந்தால், அது கலக்கியதில் வந்த பிழை. கிண்ணத்தின் ஓரத்திலும் அடியிலும் ஒட்டியிருந்த ரெசின் ஹார்ட்னரோடு சேராமலே தூரிகைக்கு வந்திருக்கும். அது எத்தனை நாள் சூடாக்கினாலும் இறுகாது. தட்டையான கத்தியால் சுரண்டி, அசற்றோனில் துடைத்து, புதிதாகப் பூச வேண்டும். மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

"மாலையில் கண்ணாடி போலப் பூசினேன், காலையில் பார்த்தால் முழுக்கக் குமிழி. இது எதனால்?"

மரத்துக்குள் காற்று இருக்கிறது. மரம் சூடேறும்போது அந்தக் காற்று விரிந்து வெளியே வரும்; பூச்சு இறுகும் நேரத்தில் வந்தால் குமிழியாக நிற்கும். குளிர்ந்த பலகையில் பூசிவிட்டு, அதன்பின் ஹீற்றரைப் போட்டிருப்பீர்கள். முறையைத் திருப்பிப் போடுங்கள்: முதல் நாள் இரவே மரத்தை நன்றாகச் சூடாக்கி, பூசத் தொடங்கும் நேரத்தில் ஹீற்றரைச் சற்றுத் தணித்துவிட்டால், குளிரும் மரம் காற்றை உள்ளே இழுக்கும், அதனோடு எபொக்சியும் நாருக்குள் இறங்கும். ஆனால் ஹார்ட்னருக்குரிய குறைந்தபட்சச் சூட்டுக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

"எபொக்சி பட்டால் கை அரிக்கிறது. கொஞ்ச நாளில் பழகிவிடுமா?"

பழகாது, நாளுக்கு நாள் கூடும். ஒருவருக்கு ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால், அதன்பின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் நிற்பதே கடினமாகிவிடலாம், அது வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். நைற்றைல் கையுறை போடுங்கள், கிழிந்ததும் மாற்றுங்கள். தோலில் பட்டதை அசற்றோனால் துடைக்காதீர்கள், அது பசையை இன்னும் உள்ளே கொண்டுபோகும். சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

குளிர்காலத்தில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. கதவைத் திறந்தால் சூடு போய்விடும் என்று மூடிக்கொண்டு வேலை செய்கிறோம், பாதி இறுகியதைத் தேய்க்கிறோம். முழுதும் இறுகாத எபொக்சியின் தூள்தான் மிகக் கொடியது. தேய்க்கும் நாளில் ஹீற்றரை நிறுத்திவிட்டு, தூள் வடிக்கும் முகக்கவசம் அணிந்து, கதவைத் திறந்து வையுங்கள். முதல் பதிலில் சொன்னது போல, அந்த வேலைக்குச் சூடு தேவையில்லை.

"எபொக்சியே பூசியாயிற்று, பிறகு வர்ணம் எதற்கு?"

வெயிலுக்காக. சூரியனின் புறஊதாக் கதிர் எபொக்சியைச் சில பருவங்களில் மங்கவைத்து உதிரச் செய்யும். வெளிப்பக்கம் வர்ணமும், மரம் தெரிய வேண்டிய இடங்களில் கதிர் தடுக்கும் வார்னிஷ் நான்கைந்து பூச்சும் கொடுங்கள். இதைக் குளிரில் செய்ய முயல வேண்டாம், மே மாதம் வரை பொறுத்திருங்கள். மரத்துக்கு ஆளி எண்ணெய் தேய்ப்பவர்கள், அந்தத் துணிகளைச் சுருட்டி மூலையில் போடாமல் விரித்துக் காயவிட வேண்டும். சுருட்டிய துணி தானாகச் சூடேறித் தீப்பற்றும், கராஜ் குளிராக இருப்பது அதைத் தடுக்காது.

"கட்டி முடித்த படகு கராஜ் கதவால் வெளியே வருமா?"

கட்டும் முன்பே அளந்து பாருங்கள். கதவின் அகலத்தை மட்டும் அளக்காமல், மேலே சுருளும் கதவின் கீழ் விளிம்புவரை உள்ள உயரத்தையும், படகை ஏற்றிவைக்கப்போகும் வண்டியின் உயரத்தையும் சேர்த்து அளக்க வேண்டும்.

"பனி உருகியதும் ஒன்ராறியோ ஏரியில் இறக்கிவிடலாமா?"

படகு தயாராக இருக்கலாம், ஏரி தயாராக இராது. கடைசிப் பூச்சு முடிந்து இரண்டு வாரமாவது சூடான நாட்களில் நிற்கட்டும். எபொக்சி முழு வலிமை பெற அவ்வளவு வேண்டும். மே மாதத்தில் காற்று 20 பாகை இருக்கும்போதும் ஏரி நீர் 10 பாகைக்குக் கீழே இருப்பது வழமை. அந்த நீரில் விழுந்தவருக்கு முதல் நிமிடத்தில் மூச்சு கட்டுப்பாட்டை இழக்கும். நீச்சல் தெரிந்தவரும் அந்த நிமிடத்தில்தான் தண்ணீரைக் குடிக்கிறார். படகில் ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்பது கனடாவின் சட்டம். சட்டம் படகில் இருந்தால் போதும் என்கிறது, நான் அதை உடம்பில் போட்டிருக்கச் சொல்கிறேன்.

முதல் இறக்கத்தை ஜூனில், இடுப்பளவு ஆழமுள்ள சிறு குளமொன்றில் வையுங்கள். ஆட்கள் ஏறுவதற்கு முன் வேண்டுமென்றே படகை நீரால் நிரப்பி, முன்னும் பின்னும் உள்ள காற்று அறைகள் அதை மிதக்கவைக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு கரையேற்றி, அந்த அறைகளின் மூடிகளைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவுங்கள். என் படகின் பின் அறையில் விரல் நனைந்தது. கம்பியை எடுத்த ஒரு துளையை நான் அடைக்காமல் விட்டிருந்தேன்.